குழிக்கு ஒரு காசு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. பாதியை எங்கள் ஊர் நீலஸ் சொன்னான், வெகு காலம் கழித்து, இங்கிலாந்தில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கி ரோடு போடும் வேலை பார்த்தபோது. மீதியை, நான் ஊருக்குத் திரும்பிய பிறகு, மாஸி சொன்னான். அன்று இலைகூட அசையவில்லை என்றான் மாஸி. நீலஸோ, காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது என்று சத்தியம் செய்தான். இருவருமே சொல்லாத ஓரிரு விஷயங்களை என் மனம் தானாகச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். பாட்டு மட்டும் சரி. அதில் ஒரு எழுத்துகூடத் தப்ப வழியில்லை.

கிறிஸ்துமசுக்கு மறுநாள், புனித ஸ்தேவான் நாள். நீலஸ் மலையிலிருந்து மதியமே வீடு திரும்பினான். மற்ற வருடங்களில் அந்த நாளில் இருட்டிய பிறகுதான் வருவான். வைக்கோல் முகமூடி போட்ட குருவிக் கூட்டம் பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய், செத்த குருவியை முள்கிளையில் கட்டிக் காட்டி, பாடி, ஆடி, அதைப் புதைக்கும் குழிக்கென்று காசு வாங்கி ஓயும் வரை அவன் ஆடுகளோடு மேலேயே இருந்துவிடுவான். இந்த வருடம் மூடுபனி அவனை இறக்கிவிட்டது. முன்னால் போன நாயின் வால்கூடத் தெரியவில்லை.

சாலை அவன் வீட்டோடு முடிந்தது. அதன் பிறகு கடல்தான். சுண்ணாம்புச் சுவர், அரைக்கதவு, சன்னலில் பண்டிகை மெழுகுவர்த்தியின் மிச்சம். வாசலில் அவன் மனைவி கோப்னட் நின்றிருந்தாள். அவளும் அப்போதுதான் வந்திருக்க வேண்டும். சால்வை ஓரம் ஈரமாக இருந்தது. காலணியில் கடல் மணல்.

எங்கே போய் வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. கடற்கரைக்கு மேலே குழந்தைகள் மேடு இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோகும் சிசுக்களைக் கோயில் கல்லறையில் சேர்க்கமாட்டார்கள். பெயரும் சிலுவையும் இல்லாமல் அங்கேதான் வைப்பார்கள். ஒவ்வொரு ஸ்தேவான் நாளிலும் கோப்னட் அங்கே போய், அவன் காட்டிய இடத்தில், ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்துவிட்டு வருவாள்.

"அதிசயமா இருக்கே. இன்னைக்கு உன் மொகத்த வெளிச்சத்துல பாக்குறேன்" என்றாள்.

"பனி."

"பனிக்கு ஒரு கும்பிடு போடணும். ஈட்டா காலையிலேர்ந்து உசுர வாங்குறா. குருவிக்காரங்க வர்றப்ப அப்பா இருக்கணுமாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

அடுப்பில் கரிமண் கட்டிகள் புகைந்துகொண்டிருந்தன. ஐந்து வயது ஈட்டா முக்காலியில் உட்கார்ந்து, கவிழ்த்த சட்டியை மரக்கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்குப் பாட்டு முழுசும் தெரியும். கேளு."

"கேக்குறேன்."

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பாதிரியார் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பாடினாள்.

*மழையில வந்தோம், சேத்துல வந்தோம்,*
*சின்னக் குருவியக் கொண்டு வந்தோம்.*
*கூடும் இல்ல, போர்வையும் இல்ல,*
*குழிக்கு ஒரு காசு குடு, தாயே.*

"பலே!" என்று கோப்னட் கைதட்டினாள். "மாஸி கூட்டத்துல உன்னச் சேத்துக்குவான்."

"இரு, முடியல" என்றாள் ஈட்டா. சட்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, மெதுவாக, யாரையோ தூங்கவைப்பது போலப் பாடினாள்.

*இன்னைக்கு மட்டும் இங்கயே தூங்கு,*
*நாளைக்கு வந்து நான் தூக்கிட்டுப் போறேன்.*

காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த நீலஸின் விரல்கள் நின்றுவிட்டன.

"இது பாட்டுல கெடையாதேடி" என்று சிரித்தாள் கோப்னட். "யாரு சொல்லிக்குடுத்தா? டீச்சரா?"

"சின்னவன்."

"எந்தச் சின்னவன்?"

"வேலிப்பக்கம் நிப்பானே. வைக்கோல் தொப்பி போட்டுக்கிட்டு. மழ பெய்யாதப்பகூட நனைஞ்சே இருப்பான்."

"பக்கத்துப் பண்ணை வாண்டா இருக்கும். வேசத்துக்கு ஒத்திகை பாக்குது" என்றபடி கோப்னட் திராட்சைக் கேக்கை வெட்டப் போனாள்.

அந்த இரண்டு வரிகளைக் கட்டியது நீலஸ். ஆறு வருடங்களுக்கு முன், இதே நாளில், ஒரு வேலி ஓரத்தில் மண்டியிட்டு. அப்போது அங்கே உயிருள்ளவர் வேறு யாரும் இல்லை.

குறைமாதத்துப் பிள்ளை. கிறிஸ்துமஸ் அன்று பிறந்து, பாதிரியார் வந்து சேருவதற்குள் அடங்கிவிட்டது. ஊருக்கு இன்னும் சேதி தெரியாது. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், வழக்கப்படி, தகப்பன் மட்டும் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வெண்ணெய் அடைக்கும் சின்ன மரப்பெட்டி. மேலே ஒரு துண்டு. குழந்தைகள் மேட்டுக்குச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். அன்று ஸ்தேவான் நாள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

வளைவில் ஒரு கிளைப்பாதையிலிருந்து குருவிக் கூட்டம் வந்து சாலையில் ஏறியது. எல்லோரும் நல்ல போதையில் இருந்தார்கள். வைக்கோல் முகங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டன.

"யாருய்யா அது? நீலஸா? கையில என்னப்பா பெட்டி?" மாஸியின் குரல்.

அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அத்தனை பேரும் முகமூடியைக் கழற்றியிருப்பார்கள். மேடு வரை கூடவே நடந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் இருந்ததோ, பகலில் எடுத்துப்போகக் கூடாதது, பெயர் சொல்லக் கூடாதது. வெட்கமாக இருந்தது. வாயில் வந்தது ஒரே ஒரு சொல்.

"குருவி."

"அடேயப்பா! ஒத்த ஆளு கூட்டமா? அப்போ பாடு!"

அவன் பாடினான்.

"ஆடு!"

பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு இரண்டடி ஆடினான். உள்ளே அது லேசாக ஒரு பக்கம் சரிந்தது. மாஸி கையைத் தட்டி, கோழியும் குஞ்சுகளும் பொறித்த செப்புக் காசு ஒன்றைப் பெட்டி மேல் வைத்தான். "இந்தா, குழிக்கு. நல்லாப் புதை."

அவர்களும் கடற்கரை வீடுகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் இனி அவனால் போக முடியாது. சுவரில் இருந்த திறப்பு வழியாகச் சொந்த வயலுக்குள் நுழைந்து, வேலியோரத்து மஞ்சள் பூ முள்புதரின் அடியில் கையாலேயே தோண்டினான். காசையும் பெட்டியோடு வைத்தான். ஜெபம் சொல்ல வாய் திறந்தால், பாடிய பாட்டுதான் வந்தது. அதன் வாலில் அந்த இரண்டு வரிகளைச் சேர்த்தான். அப்போது அவன் மனதாரத்தான் சொன்னான். நாளைக்கு வருவதாகத்தான் இருந்தான்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் மழை. பிறகு புல் மூடிக்கொண்டது. கோப்னட் படுக்கையிலிருந்து எழுந்து, "எங்க வச்ச? காட்டு" என்றபோது, குழந்தைகள் மேட்டுக்குக் கூட்டிப்போய், கண்ணில் பட்ட ஒரு வெற்றிடத்தைக் காட்டினான்.

இந்த வருடமும் பொழுது சாயத் தொடங்கியதும் பறைச் சத்தம் கேட்டது.

முதலில் தொலைவில். பிறகு சுவருக்கு அப்பால். பனிக்குள் இருந்து வந்ததால், சத்தம் மண்ணுக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது.

"வீட்டம்மா! கதவ அடைச்சுக்கிட்டா குருவிய உங்க வாசல்லயே பொதைச்சிருவோம், தெரியுமில்ல!" என்று கத்தினான் மாஸி. காசு தராத வீட்டை மிரட்ட வழக்கமாகச் சொல்வதுதான். நீலஸ் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தான்.

கோப்னட் கதவைத் திறந்தாள். ஆறேழு பேர் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். கூம்பு வைக்கோல் தொப்பிகள், முகத்தை மறைத்துத் தொங்கும் வைக்கோல், பெண்கள் பாவாடை கட்டிய தடியர்கள். அக்கார்டியன் அலறியது. முகமூடிக்குள் இருப்பது யார் என்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும்; அதுதான் விளையாட்டு.

"இந்தத் தொப்பையப் பாத்தா தெரியல? மாஸி!" என்றாள் கோப்னட்.

"போன வருசத்துக்குக் கொறைஞ்சிருக்கே, தாயே!"

"கொறஞ்சது உன் புத்தி."

ஈட்டா குதித்துக் குதித்துச் சிரித்தாள். நீலஸும் சிரிக்க முயன்றான். ஒரு பாட்டு முடியும்வரை தாங்கிவிடலாம் என்று நினைத்தான்.

அப்போது வாடை வந்தது.

வைக்கோல் வாடை இல்லை. தோண்டிய மண்ணின் வாடை. வெகுநாள் தண்ணீரில் ஊறிய பலகையின் வாடை.

வாசலில் இன்னொருவன் நின்றுகொண்டிருந்தான்.

ஈட்டாவின் தோள் உயரம்கூட இல்லை. தலையிலிருந்து முழங்கால்வரை வைக்கோல், கறுத்து, அழுகி, நீர் சொட்டியது. உள்ளே வரவில்லை. வாசற்கல்லுக்கு வெளியே நின்றான்.

"அட பாவமே, யாரு வீட்டுப் புள்ள? உள்ள வா, கண்ணு. குளிருது பாரு" என்றாள் கோப்னட்.

மாஸி திரும்பிப் பார்த்தான். "எங்ககூடக் குட்டிப் பசங்க யாரும் வரலையே."

அக்கார்டியன் நின்றது.

"அவன்தாம்மா சின்னவன்" என்றாள் ஈட்டா.

வைக்கோலுக்குள் இருந்து பாட்டு எழுந்தது.

*மழையில வந்தோம், சேத்துல வந்தோம்...*

குழந்தையின் குரல் இல்லை. வளர்ந்த ஆண் ஒருவனின் குரல். அழுகையை அடக்கிக்கொண்டு, சிரிப்பது போல நடித்து, மூச்சு முட்டப் பாடும் குரல்.

நீலஸின் குரல்.

ஒரு வரியும் விடாமல் பாடியது. குழிக்குக் காசு கேட்டது. பிறகு தாழ்ந்தது, தரையோடு தரையாக.

*இன்னைக்கு மட்டும் இங்கயே தூங்கு,*
*நாளைக்கு வந்து நான் தூக்கிட்டுப் போறேன்.*

கோப்னட் மெல்லத் திரும்பினாள்.

"நீலஸ், அது உன் கொரல்."

"உளறாத. ஏதோ வாண்டு கொரல மாத்திப் பாடுது."

"யாரு அது?"

எல்லா வைக்கோல் முகங்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன, அன்றைக்குப் போலவே.

"எனக்குத் தெரியாது" என்றான் நீலஸ்.

வாசலில் நின்ற அந்தச் சிறிய தலை, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்ந்தது. வைக்கோலுக்குள் இருந்து ஏதோ ஒன்று வாசற்கல்லில் விழுந்து உருண்டது. பிறகு வாசல் வெறுமையாக இருந்தது.

மாஸி குனிந்து எடுத்தான். செப்புக் காசு. பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பெருவிரலால் தேய்த்ததும் கோழி தெரிந்தது, பிறகு குஞ்சுகள். அவன் முகமூடியைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது.

"ஈட்டா எங்க?" என்றாள் கோப்னட்.

முக்காலி காலியாக இருந்தது.

எல்லோரும் பனிக்குள் ஓடினார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரல்கள் நாலாபுறமும் அலைந்தன. "கெணத்துப் பக்கம் பாருங்க!" என்றான் ஒருவன். "பாறைப் பக்கம்! கடலு!" என்றான் இன்னொருவன்.

நீலஸுக்கு மட்டும் தெரியும், எங்கே என்று. அந்தத் திசையில் ஓடினால் கோப்னட் பின்னால் வருவாள் என்பதும் தெரியும். நெஞ்சைப் பிளக்கும் அந்த நேரத்தில்கூட ஒரு கணம் நின்றான். மகள் கிடைக்க வேண்டும், ஆனால் இடம் தெரியக் கூடாது என்று யோசித்தான். அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான் பின்னாளில் அவன் என்னிடம் அதிகம் பேசினான்.

பிறகு ஓடினான்.

முள்புதரின் அடியில் ஈட்டா உட்கார்ந்திருந்தாள். கையாலேயே மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். விரல்களில் ரத்தம். பக்கத்தில் ஒரு துண்டு கேக் வைக்கப்பட்டிருந்தது, யாருக்கோ பரிமாறியது போல.

"அவனுக்குக் குளுருதாம்" என்றாள்.

நீலஸ் அவளை வாரி எடுத்தான். பின்னால் விளக்கு வெளிச்சம் வந்து நின்றது. கோப்னட், மாஸி, மற்றவர்கள்.

"இங்க என்ன இருக்கு?" என்றாள் கோப்னட்.

அவன் சொன்னான். எல்லோர் முன்னாலும், தரையைப் பார்த்துக்கொண்டு. பெட்டி, சாலை, குருவி, ஆட்டம்.

"அந்த வாரமே சேதி காதுல விழுந்துச்சு" என்றான் மாஸி, கம்மிய குரலில். "அப்பவே எனக்குத் தோணுச்சு, அந்தப் பெட்டி... கேக்க வாய் வரல."

கோப்னட் மாஸியைப் பார்க்கவில்லை.

"கல்லெல்லாம்?" என்றாள் நீலஸிடம்.

அவன் ஈட்டாவின் விரல் ரத்தத்தைத் தன் சட்டையில் துடைத்தான்.

"ஃபினியன்னு பேரு வச்சிருந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. பேரச் சொல்லிச் சொல்லிக் கல்லு வச்சேன். வெறும் மண்ணுக்கு." குரல் உயரவில்லை. "மொதக் கல்லு வச்சப்ப பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தியே, நீலஸ். குனிஞ்சு அத நேராக்கிகூட வச்சியே."

மாஸி மண்வெட்டி கொண்டுவந்தான். பெட்டி கிடைத்தது. அன்றிரவு அதைச் சமையலறை மேசை மேல், மிச்ச மெழுகுவர்த்தியின் கீழே வைத்தார்கள். கோப்னட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குப் பகல்ல மேட்டுக்குப் போறோம். சாலை வழியா, ஊரு பாக்க. நீதான் தூக்கணும். தூக்குறேன்னு சொன்னவன் நீதான்" என்றாள்.

"சரி" என்றான் நீலஸ்.

காலையில் பனி விலகி, ஈவிரக்கமில்லாத வெயில் அடித்தது. சேதி எப்படிப் பரவியதோ, சாலையின் இருபுறமும் ஊர் நின்றிருந்தது. ஆண்கள் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்கள். கேலியான முகம் ஒன்றுகூட இல்லை. நீலஸ் பெட்டியை மார்போடு அணைத்து எடுத்தான். வாசற்கல்வரை வந்தான். அந்தக் கண்களைப் பார்த்தான்.

"மாஸி, கொஞ்சம் புடி. காலு புடிச்சிருச்சு" என்றான்.

பெட்டியைக் கைமாற்றிவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய், ஊர்வலம் வளைவைத் தாண்டும்வரை சுவரைப் பார்த்து நின்றான். கோப்னட் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்களுக்கெல்லாம் பிறகு என்ன ஆனது என்பது இதுதான். நீலஸ் அந்த வசந்தத்திலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டான். மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்பினான், ஒருமுறைகூடப் போகவில்லை. நுரையீரல் கெட்டு அங்கேயே இறந்தான். உடலைக் கொண்டுவந்து கோயில் கல்லறையில், நல்ல இடத்தில் வைத்தார்கள். மாஸி அதற்குப் பின் வைக்கோல் அணியவில்லை. கோப்னட் பழைய வெள்ளைக் கற்களை இடம் மாற்றவில்லை. அங்கேயும் யாராவது பிள்ளை இருக்கும், இருக்கட்டும் என்றாள். அவள் இறந்தபோது, கேட்டுக்கொண்டபடியே, குழந்தைகள் மேட்டில் ஃபினியன் பக்கத்தில் வைத்தார்கள். ஈட்டா நகரத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். குருவிப் பாட்டைத் தன் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதில்லை.

பள்ளத்தாக்கில் இன்றும் பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள், கயிறு தாண்டும்போது, ஒளிந்து விளையாடும்போது, ஸ்தேவான் நாளில் கதவு கதவாக. எல்லோரும் அந்த இரண்டு வரிகளோடுதான் முடிக்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று போன குளிர்காலம் ஒரு சிறுமியிடம் கேட்டேன். கயிற்றை நிறுத்தாமலே, நீலஸின் பழைய வீட்டு வேலிப்பக்கம் தலையை ஆட்டிக் காட்டினாள்.

"சின்னவன். அவங்க அப்பா நாளைக்கு வராராம்."